கனவைத் துரத்தும் கதைநாயகன்: உறுதியும் துணிவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை எழுதத் தொடங்குபவர்களும், படித்த கதையை நாலு பேரிடம் பேசிப் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. காவியம், நாவல், சினிமா என்று எதையும் ஒதுக்கவில்லை. பேசும் வசதிக்காகக் கதைகளின் முடிவுகளையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். முடிவு முன்பே தெரிந்தால் கோபம் வரும் என்பவர்கள் சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

உறுதி, துணிவு இரண்டும் ஒன்றுதானே? ஏன் தனித்தனியாகப் பேச வேண்டும்?

துணிவு ஒரு கணத்தில் முடிந்துவிடும். எரியும் வீட்டுக்குள் பாய்கிறவனுக்கு யோசிக்க நேரமில்லை, அந்தக் கணத்தைத் தாண்டினால் போதும். உறுதிக்கு நாள் கணக்கு, வருடக் கணக்கு வேண்டும். வீரத்தோடு ஆற்றில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றியவன், அடுத்த மாதமே தன் படிப்பைப் பாதியில் விட்டுவிடலாம். பத்து வருடம் ஒரே வேலையில் விடாமல் நிற்பவன், ஒரு கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் வாயடைத்துப் போகலாம். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாத ஆட்கள்தாம் கதைக்கு நல்ல தீனி.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததும் இல்லை. பிளேட்டோ எழுதிய ‘லாக்கஸ்’ என்ற உரையாடல் முழுக்க இதைப் பற்றித்தான். வீரம் என்றால் என்ன என்று சாக்ரட்டீஸ் இரண்டு படைத்தலைவர்களைக் கேட்கிறார். அவர்களில் ஒருவரான லாக்கஸ், அணியை விட்டு ஓடாமல் நிற்பதுதான் வீரம் என்கிறார். பின்வாங்கிக்கொண்டே போரிடுகிறவர்களும் இருக்கிறார்களே என்று சாக்ரட்டீஸ் மடக்க, அது மனத்தின் ஒருவகைப் பொறுத்து நிற்றல் என்று மாற்றிச் சொல்கிறார். மடத்தனமாகப் பொறுத்து நிற்பதும் வீரமா? இல்லை, அறிவோடு நிற்பதுதான். சரி, உதவிப்படை வருகிறது என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டு நிற்பவன் வீரனா, எதுவும் தெரியாமல் எதிரில் நிற்பவன் வீரனா? லாக்கஸ் இரண்டாமவனைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்கிறார். கடைசிவரை விடை கிடைக்காமலேயே உரையாடல் முடிகிறது. நாயகனைப் படைக்க உட்காரும் எவருக்கும் அந்த மாட்டிக்கொண்ட இடம்தான் பயனுள்ள இடம்: என்ன வரப்போகிறது என்பது உங்கள் ஆளுக்கு எவ்வளவு தெரியும்?

அப்படியானால் நாயகன் உறுதியானவன் என்று வாசகர் எந்த இடத்தில் நம்புகிறார்?

அவன் வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் இல்லை. இதை நான் அழுத்தியே சொல்வேன். புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் முழு ஆற்றலையும் அந்தக் கிளம்பும் காட்சியில் கொட்டிவிடுகிறார்கள்: அம்மாவின் கண்ணீர், அப்பாவின் சாபம், மழை, கையில் ஒரு பை. ஆனால் கிளம்புகிறவனுக்கு வழியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரியாமல் எடுக்கும் முடிவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் பாதி அறியாமை.

இரண்டாவது முடிவு என்று ஒன்று இருக்கிறது. கனவுக்கு என்ன விலை என்பது தெரிந்துவிட்டது. பாதி விலையைக் கொடுத்தும் ஆயிற்று. விட்டுவிட நியாயமான காரணமும், கௌரவமான வழியும் கண்முன் இருக்கின்றன. அப்போதும் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறானே, நாயகன் அங்கேதான் பிறக்கிறான்.

ஹோமரின் ‘ஒடிஸி’ காவியத்தின் ஐந்தாம் பகுதியைப் பாருங்கள். வீடு திரும்புவதுதான் ஒடிசியஸின் ஒரே கனவு. கலிப்ஸோ என்ற தேவமகளின் தீவில் ஏழு வருடம் அடைபட்டுக் கிடக்கிறான். அவனை அனுப்பச் சொல்லித் தேவர்களின் கட்டளை வந்துவிட்டது. அனுப்பும் முன் அவள் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கிறாள்: ஊர் போய்ச் சேருமுன் நீ படப்போகும் துன்பங்கள் உனக்குத் தெரிந்தால் என்னோடே தங்கிவிடுவாய், சாவே இல்லாதவனாகவும் ஆவாய், உன் மனைவி என்னைவிட அழகியா என்ன? ஒடிசியஸ் வாதாடவே இல்லை. என் மனைவி அழகில் உனக்கு ஈடாக மாட்டாள், அவள் மூப்பும் சாவும் உள்ளவள், ஆனாலும் எனக்கு வீடு போக வேண்டும். கடலில் இன்னொரு தெய்வம் என் படகை உடைத்தால் அதையும் தாங்கிக்கொள்வேன், இதுவரை பட்டதோடு அதுவும் சேரட்டும் என்கிறான்.

இதில் வீரவசனமே கிடையாது. எதிராளியின் வாதத்தை முழுக்க ஒப்புக்கொண்ட பிறகும் அசையாமல் நிற்கிறான். கடோபநிஷத்தில் யமன் நீண்ட ஆயுளையும் அரசையும் செல்வத்தையும் காட்ட, சாவுக்குப் பிறகு என்ன என்று கேட்ட கேள்வியிலேயே நின்றானே சிறுவன் நசிகேதன், அவனும் இந்த வரிசைதான். அடியையும் உதையையும் தாங்குகிறவனைவிட, சுகமான மாற்று வழியை மறுக்கிறவன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பயமே அறியாத நாயகன் வாசகரைக் கவர மாட்டானா?

முதல் பத்துப் பக்கம் கவர்வான். அப்புறம் அவனுக்கு எதுவும் ஆகாது என்பது நமக்குத் தெரிந்துவிடும்; பக்கத்தைப் புரட்ட என்ன காரணம் மிச்சம்? அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்கிறார் வள்ளுவர், அதுவும் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்து. அரிஸ்டாட்டிலும் வீரத்தைக் கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவில்தான் நிறுத்துகிறார். எங்கெங்கோ இருந்த இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

எழுதுகிறவருக்கு ஒரு நடைமுறை யோசனை. நாயகனின் பயத்தைப் பொதுவாகச் சொல்லாதீர்கள். “அவனுக்குப் பயமாக இருந்தது” என்பது யாருக்கும் பொருந்தும். சாவுக்குப் பயப்படாதவன், தன் தம்பி முன்னால் தோற்பதற்குப் பயப்படலாம். அந்தத் தனிப்பட்ட பயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவனுடைய துணிவு எங்கே வெளிப்பட வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

மீண்டும் மீண்டும் தோற்று, மீண்டும் மீண்டும் எழுவதைக் காட்டினால் உறுதி தெரிந்துவிடாதா?

“சற்றும் மனம் தளராத விக்கிரமன்” என்று ஆரம்பித்தாலே நமக்குச் சிரிப்பு வருகிறதே, அதை யோசித்துப் பாருங்கள். மரத்தில் ஏறுகிறான், உடலை வெட்டித் தோளில் போடுகிறான், வேதாளம் கதை சொல்கிறது, அவன் பதில் சொல்ல, அது மறுபடி மரத்தில் போய்த் தொங்குகிறது. விக்கிரமனின் விடாமுயற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நாம் அங்கே காத்திருப்பது வேதாளத்தின் அடுத்த கதைக்காக. அவனுடைய உறுதி அந்தக் கதைகளைக் கோக்கும் நூல் மட்டுமே. முயற்சி அச்சுமாறாமல் திரும்ப வந்தால் உறுதி நகைச்சுவையாகிவிடும். (அந்தக் கதைத்தொகுதி இதைத் தெரிந்தே செய்கிறது. கடைசிப் புதிருக்கு அவன் பதில் சொல்ல முடியாமல் மௌனமாக நடக்க, அப்போதுதான் வேதாளம் மனமிரங்கி, உன்னை ஏவிய துறவி உன்னையே பலிகொடுக்கப் போகிறான் என்று எச்சரிக்கிறது.)

பகீரதனை இதோடு ஒப்பிடலாம். அவன் பாட்டனும் தகப்பனும் முயன்று முடியாமல் போன வேலை, கங்கையை மண்ணுக்குக் கொண்டுவருவது. தவத்துக்கு மெச்சிப் பிரம்மன் வரம் தந்துவிட்டார். ஆனால் கங்கை விழும் வேகத்தைப் பூமி தாங்காது, அதற்குச் சிவனைக் கேள் என்கிறார். மறுபடி தவம். சிவன் சடையில் ஏந்துகிறார். கங்கை சடையைவிட்டு வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்கிறாள். மறுபடி தவம். ஒருவழியாகக் கிளம்பி வந்தால், வழியில் ஜன்னு முனிவரின் வேள்விச்சாலையை அடித்துக்கொண்டுபோய் அவர் கோபத்துக்கு ஆளாகி, அவர் வாய்க்குள்ளேயே போய்விடுகிறாள். ஒவ்வொரு தடையும் முந்தைய வெற்றியிலிருந்தே முளைக்கிறது, கவனித்தீர்களா? வரம் கிடைத்ததால்தான் வேகம் பிரச்சினையாயிற்று. வேகத்தை அடக்கியதால்தான் கங்கை சிக்கினாள். இதைப் படிக்கும்போது சலிப்பு வராது. “பகீரதப் பிரயத்தனம்” என்று இன்றும் நாம் வாய்க்கு வாய் சொல்வது அவன் நெடுங்காலம் நின்றதற்காக மட்டும் இருக்க முடியாது.

கனவு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

பெரியதாக இருப்பதைவிடத் துல்லியமாக இருப்பது முக்கியம். 1976இல் வந்த ‘ராக்கி’ படத்தில் ஒரு சாதாரணக் குத்துச்சண்டைக்காரனுக்கு உலகச் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு அதிர்ஷ்டவசமாகக் கிடைக்கிறது. சண்டைக்கு முந்தின இரவில், தன்னால் ஜெயிக்க முடியாது என்று காதலியிடம் ஒப்புக்கொள்கிறான். பதினைந்து சுற்றும் விழாமல் நின்றுவிட்டால் போதும், தான் உதவாக்கரை இல்லை என்பது தனக்கே தெரிந்துவிடும் என்கிறான். கனவு அங்கே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கக் கூர்மையாகிறது. மறுநாள் நடுவர்களின் தீர்ப்பில் அவன் தோற்கிறான். பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தீர்ப்பு காதில்கூட விழுவதில்லை.

உலகத்தையே மாற்றுவேன் என்று கிளம்பும் நாயகனை விட்டுவிடுங்கள். எதைச் செய்தால் அவன் கனவு நிறைவேறியதாக அர்த்தம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லையென்றால், கதைக்கும் அது தெரியாது.

பிடிவாதத்துக்கும் உறுதிக்கும் கோடு எங்கே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். “நல்லதற்காக என்றால் உறுதி, கெட்டதற்காக என்றால் பிடிவாதம்” என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. தன் கனவு கெட்டது என்று எந்த நாயகன் நினைத்தான்?

1851இல் வெளிவந்த ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில் வரும் கேப்டன் ஏஹாபை எடுத்துக்கொள்வோம். ஒரு வெள்ளைத் திமிங்கலம் அவன் காலைக் கொண்டுபோய்விட்டது. அதைக் கொல்வதே அவன் வாழ்வின் நோக்கம். மேலே சொன்ன இரண்டாவது முடிவு அவனுக்கும் வருகிறது. இறுதி வேட்டைக்கு முன் ஒரு நாள், நாற்பது வருடக் கடல் வாழ்க்கையையும் கரையில் விட்டு வந்த இளம் மனைவியையும் பிள்ளையையும் நினைத்துக் கலங்குகிறான். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று துணைத்தலைவன் ஸ்டார்பக் கெஞ்சுகிறான். ஏஹாப் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். விலை தெரிந்துதான் தொடர்கிறான். அப்படியானால் அவனும் உறுதியான நாயகன்தானே?

அதற்குச் சற்று முன்னால் இன்னொரு காட்சி வருகிறது. ‘ரேச்சல்’ என்ற கப்பல் எதிர்ப்படுகிறது. அதன் கேப்டனின் சின்னஞ்சிறு மகன் இருந்த படகு கடலில் காணாமல் போயிருக்கிறது. தேட உதவுங்கள் என்று அந்தத் தகப்பன் மன்றாடுகிறான். நேரம் வீணாகிறது என்று ஏஹாப் மறுத்துவிடுகிறான். கோடு இங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன். அவன் கனவுக்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்: அந்தத் தகப்பன், ஸ்டார்பக், தன் கப்பலில் இருக்கும் அத்தனை மாலுமிகள். கடைசியில் கப்பலோடு எல்லோரும் மூழ்கி, கதை சொல்லும் இஷ்மாயில் ஒருவன் மட்டும் பிழைக்கிறான். அவனைக் கடலிலிருந்து தூக்குவது, தொலைந்த பிள்ளைகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் அதே ‘ரேச்சல்’.

ஆகவே ஒரு கதையைப் படிக்கும்போது நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி: விலை யார் பையிலிருந்து போகிறது? தன் பையிலிருந்து போனால் உறுதி. கேட்காமலே பிறர் பையில் கைவைத்தால், எவ்வளவு உயர்ந்த கனவானாலும், அங்கே வேறொன்று தொடங்கிவிட்டது. இப்படிச் சொல்வதால் ஏஹாப் மட்டமான பாத்திரமாகிவிட மாட்டான். கோட்டைத் தாண்டியவனை உள்ளேயிருந்து காட்டியதால்தான் அந்த நாவல் இன்னும் வாசிக்கப்படுகிறது. உங்கள் நாயகன் கோட்டைத் தாண்டலாம். தாண்டியது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பல கதைகளில் நாயகனின் மனைவியும் நண்பனும் வரிசையாக அழிய, ஆசிரியர் பின்னணியில் வெற்றி இசை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

ஏகலைவனை உறுதிக்கு உதாரணமாகச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் எந்தப் பகுதியை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். துரோணர் மறுத்த பிறகு, காட்டில் மண்ணால் அவர் உருவைச் செய்து வைத்துத் தனியாகவே பழகி அர்ச்சுனனே திடுக்கிடும் அளவுக்கு வில்வித்தை கற்றான். உறுதி என்றால் அதுதான். பார்க்க ஆளில்லை, பாராட்ட ஆளில்லை, தவறு செய்தால் திருத்தவும் ஆளில்லை.

கட்டைவிரல் காட்சி வேறு. அங்கே தன் கனவையே இன்னொன்றுக்காக அவன் விட்டுக்கொடுக்கிறான். பிறகு மற்ற விரல்களால் எய்து பார்த்தபோது பழைய வேகம் இல்லை என்று பாரதமே சொல்கிறது. மேடைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, விரலை வெட்டிக் கொடுத்ததையே உறுதியின் உச்சமாகச் சொல்கிறார்கள். அர்ச்சுனனுக்கு நிகராக ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று துரோணர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார், அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் விரல் கேட்கப்பட்டது என்பதை அப்போது யாரும் சொல்வதில்லை. விலையை நாயகன் தானே தருவதும், மேலே இருப்பவன் கேட்டுப் பறிப்பதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஏகலைவன் கதையின் வலியே அந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது.

கனவு நிறைவேறாவிட்டால் வாசகர் ஏமாந்து போவாரே?

ஏமாற்றம் வேறு, வருத்தம் வேறு. ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ 1952இல் வந்தது. எண்பத்து நான்கு நாள் ஒரு மீன்கூட அகப்படாத சாந்தியாகோ, மறுநாள் வெகுதூரம் போய், படகைவிட நீளமான மீனைத் தூண்டிலில் மாட்டி, நாட்கணக்கில் அதனோடு போராடி வெல்கிறான். கரைக்கு வருவதற்குள் சுறாக்கள் தின்று தீர்த்து, எலும்புக்கூடுதான் மிஞ்சுகிறது. வருத்தம் நெஞ்சை அடைக்கிறது, ஆனால் ஏமாந்ததாகத் தோன்றுவதில்லை. மீனைப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்குக் கதை பதில் சொல்லிவிட்டது. கொண்டுவந்து விற்க முடியுமா என்பது வேறு கேள்வி.

வாசகரை ஏமாற்றுவது தற்செயல். நாயகன் இருநூறு பக்கம் உழைத்த பிறகு பணக்கார மாமா உயில் எழுதி வைத்துவிட்டுச் செத்தால், கனவு நிறைவேறியும் கதை தோற்றுவிட்டது.

வில்லன் கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். நாயகன் மேல் உண்மையான அன்புள்ள ஒருவர் போதும். வில்லன் “போகாதே” என்றால் நாயகன் போய்விடுவான். அம்மா “போகாதே” என்றால்தான் கதை.

கூட வரும் துணைப் பாத்திரத்துக்கு என்ன வேலை?

நாயகனின் கனவை வெளியிலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும், முதல் வேலை அதுதான். செர்வாண்டஸின் ‘டான் கிஹோத்தே’ (முதல் பாகம் 1605, இரண்டாம் பாகம் 1615) இதில் எல்லோருக்கும் முன்னோடி. பழைய வீரக்கதைகளைப் படித்துத் தானும் ஒரு மாவீரனாக ஊர்சுற்றக் கிளம்பியவன் கிஹோத்தே. எஜமானருக்கு அரக்கர்களாகத் தெரிவது காற்றாலைகள்தான் என்று கூட வரும் பணியாள் சான்சோ பான்ஸா முதலிலேயே சொல்லிவிடுகிறான். அவனுக்குக் கனவில் நம்பிக்கை இல்லை, கடைசியில் ஒரு தீவை ஆளக் கொடுப்பார் என்ற ஆசையில்தான் கூடவே போகிறான்.

கதையின் முடிவில் நடப்பதுதான் ஆச்சரியம். மரணப்படுக்கையில் கிஹோத்தே தெளிந்துவிடுகிறான். அந்த வீரக்கதைகள் எல்லாம் மடத்தனம் என்கிறான். அப்போது சான்சோ அழுகிறான்: சாகாதீர்கள் ஐயா, எழுந்திருங்கள், பேசி வைத்தபடி இடையர் வேடம் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குப் போவோம் வாருங்கள் என்று. கனவு கண்டவன் கைவிட்ட கனவைச் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தவன் ஏந்திக்கொள்கிறான். நாயகனின் உறுதி எவ்வளவு வலியது என்பதை அவனை வைத்துக் காட்டாமல், அது யாரிடம் தொற்றியது என்பதை வைத்துக் காட்டிய இடம்.

நாயகன் தன் கனவைப் பாதியில் கைவிடலாமா, மாற்றிக்கொள்ளலாமா என்று தனியாகக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். தாராளமாகக் கைவிடலாம். அதன் சுமை யார்மேல் இறங்குகிறது என்பதை மட்டும் எழுதிவிடுங்கள்.

நாயகி என்றால் உறுதி வேறு மாதிரி இருக்குமா?

உறுதி ஒன்றுதான். தடைகள் வேறு. நாயகனுக்கு மலையும் கடலும் தடை என்றால், நாயகிக்குப் பெரும்பாலும் நேரமும் அனுமதியும். மலையை ஒருமுறை ஏறி முடிக்கலாம். அனுமதியைத் தினமும் காலையில் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் நாயகி கதைகளில் உறுதி பெரிய காட்சியாக வெடிக்காமல் சிறுசிறு பிடிகளாகத் தெரியும்.

லூயிசா மே ஆல்காட் 1868, 1869இல் இரு பாகங்களாக வெளியிட்ட ‘லிட்டில் விமன்’ நாவலில் ஜோ மார்ச்சுக்கு எழுத்தாளராகும் கனவு. அவள் எழுதியவை இருமுறை நெருப்புக்குப் போகின்றன. முதல்முறை, நாடகம் பார்க்கக் கூட்டிப் போகவில்லை என்ற கோபத்தில் தங்கை ஏமி கையெழுத்துப் பிரதியைக் கொளுத்திவிடுகிறாள். அது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டாம் முறை ஜோவே தன் கதைகளை அடுப்பில் திணிக்கிறாள். பணத்துக்காக எழுதிய பரபரப்புக் கதைகள் அவை. அவள் மதிக்கும் பேராசிரியர் அந்த மாதிரிக் கதைகளைக் குறைத்துப் பேசியதைக் கேட்டுக் கூசிப்போனதுதான் காரணம். முதல் நெருப்பில் காகிதம் எரிந்தது. இரண்டாவதில் எழுதுகிறவளின் நம்பிக்கை. வெளியிலிருந்து வந்த அழிவிலிருந்து மீள்வதைவிட இரண்டாவதிலிருந்து மீள்வது கடினம். தங்கை பெத் இறந்த துக்கத்துக்குப் பிறகு அவள் மறுபடி பேனாவை எடுக்கும்போது, அதைச் சத்தமே இல்லாமல் எழுதியிருக்கிறார் ஆல்காட். நாயகியோ நாயகனோ, தன்னைத்தானே தோற்கடித்துக்கொண்ட பிறகு எழுந்து வரும் காட்சிக்கு அந்த நாவலைப் பாருங்கள்.

“என்னால் முடியும், நான் சாதிப்பேன்” என்று நாயகன் பேசலாமா?

பேசலாம், பேசுவது பொய்யாகவோ நடுக்கமாகவோ இருக்கும்போது. மற்ற நேரத்தில் உறுதியை வாயில் வைக்காமல் கையில் வையுங்கள்.

ஒரு கற்பனை ஆள். கடிகாரம் பழுதுபார்க்கிறவர், கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. யாராலும் ஓட வைக்க முடியாத ஒரு பழைய கோபுரக் கடிகாரத்தை ஓட வைப்பது அவர் கனவு. “பார்வை போனாலும் நான் விடமாட்டேன்” என்று அவர் சொன்னால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் பல்சக்கரங்களைத் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருப்பதை மகள் பார்க்கிறாள் என்று எழுதுங்கள். வரப்போகும் இருட்டுக்கு இப்போதே பழகுகிறார். விலையை எண்ணி வைத்துவிட்டார். அவர் ஒரு வார்த்தை பேச வேண்டாம். மகள் விளக்கைப் போடுவதா வேண்டாமா என்று வாசலில் நின்றால், அடுத்த காட்சியும் கிடைத்துவிட்டது.

பயிற்சிக் காட்சிகளைச் சலிப்பில்லாமல் எழுதுவது எப்படி?

சுருக்குங்கள். சினிமாவில் பின்னணி இசை போட்டு மூன்று நிமிடத்தில் முடிப்பதை எழுத்தில் முப்பது பக்கத்துக்கு இழுக்காதீர்கள். பயிற்சியில் நாயகன் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ளும் நாளை மட்டும் விரித்து எழுதிவிட்டு மற்ற நாட்களைத் தாண்டிப் போங்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில் “உழைத்தால் கட்டாயம் ஜெயிக்கலாம்” என்று முடிப்பது தவறா?

குழந்தைகள் அதை நம்புவதில்லை என்பதே என் அனுபவம். ஓட்டப்பந்தயத்தில் ஒருவர்தான் முதலில் வர முடியும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வள்ளுவர்கூட அப்படி உறுதி தரவில்லை. தெய்வத்தாலேயே ஆகாமல் போனாலும், உடல் வருத்தி முயன்ற அளவுக்கு முயற்சி பலன் தரும் என்று அளந்துதான் சொல்கிறார். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அப்படிச் சொன்னவர், அடுத்த அதிகாரத்தை இடுக்கணழியாமை என்று வைத்தார், துன்பம் வந்தால் கலங்காதிருப்பதற்காக. முயன்றவனுக்குத் துன்பமே வராது என்று நினைத்திருந்தால் அப்படி ஒரு அதிகாரம் எழுதியிருக்க வேண்டியதில்லை. கதையில் முயல் தோற்கட்டும், ஆமை தோற்கட்டும். தோற்ற மறுநாள் அது என்ன செய்தது என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் குழந்தை கேட்டுக்கொள்ளும்.

கடைசியாக, ஒரு கதைக்கு எத்தனை தடைகள் போதும்?

பதினாறாம் நூற்றாண்டுச் சீன நாவலான ‘மேற்கு நோக்கிய பயணம்’ இதற்கு ஒரு எண்ணே வைத்திருக்கிறது: எண்பத்தொன்று. புனித நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வரும் துறவி, குரங்கு வீரன் முதலான சீடர்களோடு ஒவ்வொரு தடையாகத் தாண்டி வந்து சேர்கிறார். சேர்ந்த இடத்தில், காணிக்கை எதுவும் தரவில்லை என்பதற்காக முதலில் வெற்றுத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு உண்மையான நூல்கள் கிடைத்துத் திரும்பும்போது, மேலே கணக்குப் பார்க்கிறார்கள்: எண்பதுதான் ஆகியிருக்கிறது, ஒன்று குறைகிறது! உடனே அவர்களை நடுவழியில் கீழே இறக்கி, ஆற்றில் நனைய வைத்துக் கணக்கை நேர்செய்கிறார்கள்.

அந்த நாவலாசிரியர் சிரித்துக்கொண்டே எழுதியது அது. நாம் எழுதும்போது சிரிக்காமலே இதைச் செய்துவிடுகிறோம். பக்கம் போதவில்லை என்று நாயகன் மேல் இன்னொரு விபத்தை ஏவுகிறோம். இரண்டாவது முடிவைக் கட்டாயமாக்கும் அளவுக்குத் தடை இருந்தால் போதும். சில கதைகளுக்கு அது ஒன்றே ஒன்றுதான், மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிடும்.